முதல் பிள்ளையின் கம்பளி

எங்கள் பள்ளிக்கூடத்தின் சரித்திரம் மழையில் தொடங்குகிறது. ஆனால் தூத்துக்குடியில் மழையை நம்பி ஒரு விழாவை வைக்க முடியாது என்பதால், ஒவ்வொரு வருஷமும் அது ஒரு குடம் தண்ணீரில் தொடங்கிக்கொண்டிருந்தது.

கதை இதுதான். முத்துச் சலாபம் நடந்த காலத்தில், கடலோரம் கூடிய கூட்டத்துக்குள் வாந்திபேதி புகுந்தது. தருவைகுளத்திலிருந்து முத்துக்குளிக்க வந்த ஒருவரும் அவர் மனைவியும் அதில் போய்ச் சேர்ந்தார்கள். அநாதையான அவர்களுடைய மகள் மாமன் வீட்டில் சோற்றுக்கு வேலை செய்தாள். மழை கொட்டிய ஒரு நாள், அங்கிருந்து தப்பி, கரையோரமாகவே நடந்து, வெள்ளைக்காரத் துரைசாணியம்மாவின் பங்களா வராந்தாவில் வந்து சொட்டச் சொட்ட நின்று, எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டாள். துரைசாணியம்மா தான் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து அவளுக்குப் போர்த்தினார். தேடி வந்த மாமன் வாசலில் நின்று சத்தம் போட்டான். துரைசாணியம்மா அசையவில்லை. "இவள் இனி என் பிள்ளை. அனுப்ப மாட்டேன்" என்றார். மறுநாள் அந்த வராந்தாவில் பள்ளிக்கூடம் ஆரம்பமானது.

தூத்துக்குடி வெக்கையில் அந்த அம்மாள் எதற்குக் கம்பளி போர்த்திக்கொண்டிருந்தார் என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் பெண்ணின் பெயர் என்னவென்றும் யாரும் கேட்டதில்லை. பள்ளியில் அவளுக்கு 'முதல் பிள்ளை' என்று பெயர். அவ்வளவுதான்.

சென்ற மாதம் பழைய மாணவிகளின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம். பள்ளியில் மறக்க முடியாத இனிய நினைவு ஒன்றை எழுதி அனுப்ப வேண்டுமாம். துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து நாள் முழுக்க ஏற்றுமதிக் காகிதங்களை எழுதுகிறவளுக்கு இது ஒரு பெரிய வேலையா என்று நானும் உட்கார்ந்தேன். மறக்க முடியாதது உடனே வந்தது. இனியது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். இதை மலருக்கு அனுப்பப்போவதில்லை.

எங்கள் வீட்டுக்கும் அந்தப் பள்ளிக்கும் இருந்த உறவு கொஞ்சம் கோணலானது. எங்களுக்குப் பூர்வீகம் மாப்பிள்ளையூரணி. தாத்தா காலத்தில் ஊருக்குள் வந்து பலசரக்குக் கடை போட்டார்கள். வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுவது முருகனை. ஆனாலும் பொட்டப்பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லித்தருவதில் வேதக்காரர்களான கிறிஸ்தவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது தாத்தாவின் கட்சி. அதிலும் அது திருச்சபையைச் சேர்ந்தது என்றாலும் பிஷப்பின் திருமண்டலத்துக்குக் கீழே வராமல் தனி நிர்வாகத்தில் நடந்த பள்ளி. கண்டிப்புக்குப் பெயர்போனது. ஆகவே அத்தையை அங்கே சேர்த்தார். சேர்த்தாரே தவிர, ஜெபம் செய்வார்கள் என்பதற்காக ஒரு விழாவுக்கும் அவரும் போகவில்லை, வீட்டில் யாரையும் போகவிடவும் இல்லை. அந்த வழக்கத்தை அப்பாவும் கடைப்பிடித்தார். இது நல்ல வழக்கம் அல்லவென்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவளுக்குக் கோளாறு என்று எங்கள் சொந்தபந்தம் முழுவதற்கும் தெரியும். அதற்கு அத்தாட்சியாக ஒரு கதை இருந்தது. கல்யாண வீடுகளில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சிரிப்பதற்காகவே சொல்லப்படும் கதை.

அத்தை பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு மாப்பிள்ளை முடிவானது. படித்தது போதும், அழைத்துவா என்று அப்பாவை அனுப்பினார் தாத்தா. அப்பாவுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. அவர் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளோடு நிற்கிறார். விஷயம் கேள்விப்பட்ட அத்தை நேரே கை கழுவும் தொட்டிக்குப் போய், ஒரு குடம் தண்ணீரை மொண்டு தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நனைந்த கோலத்தில் தலைமையாசிரியை அறை வாசலில் போய் நின்று ஏதோ வசனம் பேசினாள். அன்றைய தலைமையாசிரியை பதறிப்போய் ஆயாவைக் கூப்பிட்டு, துண்டால் துவட்டச் சொல்லி, புத்தகப் பையைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவைத்தார். அப்பா தங்கையை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ஊர் பார்க்கக் கூட்டிவந்தார். ஈரப் பாவாடையிலிருந்து தெரு நீளத்துக்குத் தண்ணீர் சொட்டியதாம்.

எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருவதே ஒரு விசேஷம். வருகிற நாளில் தெருவே குடத்தோடு வரிசையில் நின்று சண்டைபோடும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தலையில் கொட்டி வீணாக்கியவளைப் பைத்தியம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள். கல்யாணமும் நடந்தது. கதை பின்னாலேயே போய் மாப்பிள்ளை வீட்டுக்கும் எட்டியது. கொஞ்ச காலத்திலேயே அத்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு எங்கள் வீட்டின் பின்கட்டுதான் உலகம். கடைக்கு மல்லி புடைப்பாள், மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவாள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் மட்டும் அம்மா அவளை முற்றத்துப் பக்கம் வரவிட மாட்டாள்.

நான் ஆறாவதுக்கு அந்தப் பள்ளியில் சேர்ந்த வருஷம் அக்கா அங்கே பிளஸ் டூ. ஒரு வருஷம் பிந்திச் சேர்த்த பிள்ளை என்பதால் புரட்டாசியிலேயே அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. அதற்காகவே காத்திருந்தது போல சென்னையிலிருந்து சம்பந்தம் வந்தது. அங்கே பெரிய கடை வைத்திருக்கும் நம்மூர்க்காரர்கள். தை மாதம் கல்யாணம். அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுப் பெண் வீட்டு வேலை பழகட்டும் என்றார்கள். பரீட்சை மாசியில். அக்காவுக்கோ பரீட்சை எழுதி, சாயர்புரம் காலேஜில் வேதியியல் படிக்க வேண்டும். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அரிசித் தூசி படிந்த புத்தகத்தை ஊதி ஊதிப் படிக்கிறவள். அப்பாவிடம் கேட்டாள். அப்பா எதற்கும் சொல்லும் அதே பதிலைச் சொன்னார்.

"பேசி முடிச்சாச்சு. இனிமே பேச்சு கெடையாது."

அதைச் சொல்லும்போது வேட்டி முனையைக் கட்டைவிரலில் பிடித்துக்கொண்டு, தலையைப் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டுவார். கடைக்காரர்களோடு விலை பேசும்போதும் அப்படித்தான். தெரு முழுக்க அவருடைய அந்த வெட்டு பிரசித்தம்.

ஸ்தாபக நாள் விழாவில் முதல் பிள்ளையின் கதையை நாடகமாக நடிப்பார்கள். முதல் பிள்ளை எப்போதும் ஆறாம் வகுப்பு மாணவி. மாமன் வேஷம் பிளஸ் டூவில் உயரமாக இருப்பவளுக்கு. துரைசாணியம்மாவாக வருவது, அன்றும் இன்றும், தலைமையாசிரியையேதான். வைக்கோல் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு வருவார். துரைசாணியம்மா போர்த்தியது என்று சொல்லப்படும் கம்பளி தலைமையாசிரியை அறையில் கண்ணாடி பீரோவுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். வருஷத்துக்கு ஒருநாள் அது வெளியே வரும்.

அந்த வருஷம் முதல் பிள்ளை வேஷம் எனக்கு வந்தது. மாமன் வேஷம் அக்காவுக்கு. நான் ஏதோ நன்றாக நடிப்பேன் என்று கண்டுபிடித்துவிட்டார்கள் என நினைத்துக் கொஞ்ச நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். அக்காதான் தமிழ் டீச்சரிடம் போய்க் கெஞ்சி எனக்கு அந்த வேஷத்தை வாங்கினாள் என்பது வெகுநாள் கழித்துத் தெரிந்தது. அவள் அதோடு நிற்கவில்லை. இந்த வருஷம் அப்பா விழாவுக்கு வந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தாள். போகப்போகிற பிள்ளை ஆசையாகக் கேட்கிறதே என்று அப்பா இறங்கிவந்தார். அடுத்து, அத்தையையும் கூட்டிப்போக வேண்டும் என்றாள்.

"அவள என்னத்துக்குளா? அத்தன பேருக்கு முன்னால எதாவது செஞ்சு வச்சிட்டான்னா?" என்றாள் அம்மா.

"அவளும் அங்கன படிச்சவதான. வரட்டும்" என்றார் அப்பா.

கடைசியாக, மாமன் வேஷத்துக்கு அப்பாவின் வெள்ளைச் சட்டையையும் வேட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

நான் பின்கட்டில் அத்தை முன்னால் நின்று வசனம் பழகினேன். வேறு யாருக்கும் கேட்க நேரமில்லை. நான் ஒரு வரி சொன்னால், மிளகாய்க் காம்பைக் கிள்ளியபடி தலைநிமிராமல் அடுத்த வரியை அத்தை சொல்வாள். ஒரு சொல் பிசகாது.

"ஏளா, தண்ணி ஊத்துத நேரம் கண்ண மூடிராத" என்றாள் ஒருநாள். "துரைசாணியம்மா கையில கம்பளி இருக்கான்னு பாத்துக்கிட்டே நில்லு. அதப் பாத்தா குளிராது."

"ஒனக்கு எப்படி அத்த தெரியும்?"

"நானும் நனைஞ்சிருக்கேம்லா."

அவள் அந்தக் குடத்துக் கதையைச் சொல்கிறாள் என்று எண்ணி நான் சிரித்துவிட்டேன். அவளும் கூடச் சிரித்தாள்.

விழா நாளன்று வழக்கம்போல வானம் மூடிக்கொண்டு ஏமாற்றியது. கடலைப் பார்த்த பழைய கேட்டை அன்று மட்டும்தான் திறப்பார்கள். முன்பு அந்த வாசலுக்கு வெளியே மணலும் அலையும் இருந்ததாம். நான் படித்தபோது அங்கே தார் ரோடு போட்டு, துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலுக்கு எதிரே பந்தல். முன்வரிசையில் பாதிரி ஐயர்மார்களும் நிர்வாகக் குழுவும். நடுவில் கடைக்காரர்கள், அவர்களோடு அப்பா. பெண்கள் பக்கம் அம்மாவும் அத்தையும். ஜெபம் முடிந்து, பேச்சு முடிந்து, இன்னொரு பேச்சும் முடிந்தது. பின்னால் அசன விருந்துக்குக் கறி கொதிக்கும் வாசனை வரவர, கூட்டத்துக்குப் பேச்சில் இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போயிற்று.

நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். ஆயா குடத்தைத் தூக்கி என் தலையில் கவிழ்த்தாள். போர்வெல் தண்ணீர், வாயெல்லாம் உப்புக் கரித்தது. கூட்டம் ஓவென்று சிரித்துக் கைதட்டியது. அத்தை சொன்னபடி கண்ணை மூடாமல் நின்றேன். அதனால் கம்பளியைப் பார்த்தேன். கம்பளிக்கு அப்பால் அப்பாவையும் பார்த்தேன். எல்லோரும் சிரிக்கையில் அப்பா பாதி எழுந்தவாக்கில் நின்றுகொண்டிருந்தார். யாரோ சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தவர் மேடைப் பக்கம் பார்க்கவில்லை. திரும்பி, பெண்கள் பக்கம் எதையோ தேடினார்.

நான் நடந்துபோய்ப் படியில் நின்று எழுத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். தலைமையாசிரியை தொப்பி சரிய என்னைக் கம்பளியால் மூடினார். அதில் பாச்சை உருண்டை வாசனை. அந்த வாசனையோடு வந்த கதகதப்பு இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. உலகத்தில் இனி என்னை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றே அப்போது தோன்றியது.

மாமன் வந்தான். அப்பாவின் சட்டை, அப்பாவின் வேட்டி, கண்மையால் வரைந்த மீசை. ஒத்திகையில் அக்கா பேசிய வசனம் வேறு. "எங்க வீட்டுப் பிள்ளையை அனுப்புங்கள்" என்பதுதான் எழுதியிருந்தது. அன்று அவள் வேட்டி முனையைக் கட்டைவிரலில் பிடித்துக்கொண்டாள். தலையை ஒரு வெட்டு வெட்டினாள்.

"பேசி முடிச்சாச்சு. இனிமே பேச்சு கெடையாது. வா வீட்டுக்கு" என்றாள்.

கடைக்காரர்கள் வரிசையில் சிரிப்பு வெடித்தது. "அண்ணாச்சி, உம்மள மாதிரியே இருக்குவே!" என்று யாரோ அப்பாவின் முதுகில் தட்டினார். அப்பா சிரிக்கவில்லை.

"நான் வரமாட்டேன். நான் இங்கே படிக்கிறேன்" என்றேன் நான்.

"இவள் இனி என் பிள்ளை. அனுப்ப மாட்டேன்" என்றார் தலைமையாசிரியை. பந்தல் அதிரக் கைதட்டினார்கள்.

இந்த இடத்தில் மாமன் தலைகுனிந்து போய்விட வேண்டும். அக்கா போகவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஒரே இடத்தைப் பார்த்தபடி நின்றாள். கண்மை மீசை கரைந்து வாயோரம் ஒழுகியது. இவளுக்கு நாடகம் மறந்துவிட்டது என்று எனக்குப் பதற்றம். "போக்கா, போ" என்று கம்பளிக்குள்ளிருந்து முணுமுணுத்தேன்.

அசனத்தில் அப்பா சோற்றைப் பிசைந்தாரே ஒழிய வாயில் வைக்கவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அப்பா டிரைவர் பக்கத்தில் இருந்தார். உப்பளம் தாண்டியதும், திரும்பாமலே அத்தையிடம் கேட்டார்.

"அன்னைக்கு நீ சொன்னது இந்த நாடகத்தையா?"

"ஆமாண்ணே" என்றாள் அத்தை. "ஆறாப்புல நாந்தான முதல் பிள்ளை. பெரிய டீச்சர் எனக்குக் கம்பளியப் போத்தி, அனுப்ப மாட்டேன்னு எல்லாருக்கும் முன்னால சொன்னாவ. அப்போ நெசமாவே அனுப்ப மாட்டாவன்னு நெனச்சிட்டேன்."

"இதெ எங்கிட்டச் சொல்லப்பிடாதா?"

"ஒங்கிட்ட எப்படிண்ணே சொல்ல? வாசல்ல நின்னது நீதான. நீதான மாமன்."

அத்தை குறையாகச் சொன்னதாகத் தெரியவில்லை. நாடகத்தில் யாருக்கு என்ன வேஷம் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். அக்கா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வலித்தது. விழா நன்றாக நடந்த சந்தோஷம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த சில நாட்கள் வீடு வேறு மாதிரி இருந்தது. அப்பா கடையிலிருந்து வந்தால் பின்கட்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். அத்தை மல்லி புடைப்பதைப் பார்ப்பார். போய்விடுவார். சென்னையிலிருந்து போன் வந்தால் நான் இல்லை என்று சொல் என்பார். அக்கா புத்தகத்தை மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எடுத்துவந்து கூடத்து மேஜையில் விரித்துவைத்துப் படித்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வந்த அன்று அத்தை முற்றத்துக்கு வந்து ஒரு குடம் பிடித்தாள். அம்மா தடுக்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் அக்கா சிரித்த மாதிரி பின்னால் எந்தக் காலத்திலும் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு மாப்பிள்ளையின் பெரியப்பா நேரிலேயே வந்துவிட்டார். தட்டு நிறைய ஆப்பிளும் ஆரஞ்சும் கொண்டுவந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நம்ம ரெண்டு குடும்பத்து மரியாதை என்றெல்லாம் பேசினார். எங்கள் அப்பா கெட்டவரில்லை. எனக்கு இதில் பெரிய துக்கமே அதுதான். கெட்டவராக இருந்தால் அவரை நினைத்து ஆத்திரப்பட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடலாம். அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. புரிந்த பிறகும், நாலு பேர் முன்னால் கொடுத்த வாக்கை மாற்றுகிற தைரியம் மட்டும் வரவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், தலைமையாசிரியை அறைக்கு எதிரே வராந்தாவில் சோற்றுப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா உள்ளே நின்றுகொண்டிருந்தார். அக்கா அவருக்குப் பின்னால் பையோடு நின்றாள். கதவு திறந்துதான் இருந்தது. தலைமையாசிரியைக்குப் பின்னால் கண்ணாடி பீரோ. அதற்குள் கம்பளி, மடிப்புக் கலையாமல். சாவி பூட்டிலேயே தொங்கியது.

எனக்கு இந்தக் காட்சி தெரியும். மாமன் வந்துவிட்டான். பிள்ளை நிற்கிறது. அடுத்த வசனம் துரைசாணியம்மாவுடையது. நான் சோற்றை மறந்து காத்திருந்தேன்.

"அண்ணாச்சி, பரீட்சை மட்டும் எழுதிக்கிடட்டுமே" என்றார் தலைமையாசிரியை. "நல்லாப் படிக்கிற பிள்ளை."

"வாக்குக் குடுத்தாச்சு, டீச்சர்."

"அப்போ சரி. பெத்தவிய இஷ்டம். நாங்க என்ன சொல்ல முடியும்?" என்றார் தலைமையாசிரியை.

இவ்வளவு மோசமாக அந்த நாடகத்தை யாரும் நடித்திருக்க முடியாது. அவர் எழுந்து பீரோவைத் திறப்பார் என்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். தொப்பி இல்லாததால் வசனம் வரவில்லையோ என்றுகூட நினைத்தேன். அக்கா வெளியே வந்தாள். தொட்டியைக் கடந்துதான் வாசலுக்குப் போக வேண்டும். அதன் பக்கத்தில் குடம் இருந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்காமல் அப்பாவுக்குப் பின்னால் நடந்தாள்.

அக்கா இப்போது சென்னையில் இருக்கிறாள். கல்லாவில் உட்காருகிறாள், பேரன் பேத்தி எடுக்கும் வயதை நெருங்கிவிட்டாள். நன்றாகத்தான் இருப்பதாகச் சொல்கிறாள். அவளிடம் வேதியியல் பற்றி நான் பேசுவதில்லை. எனக்குப் பிளஸ் டூ வந்தபோதும் சம்பந்தங்கள் வந்தன. அப்பா ஒவ்வொன்றையும் ஏதோ சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பினார். என்னைத் தேடி அவர் அந்த வாசலுக்கு வரவே இல்லை. சாகும்வரை அந்தத் தெரு வழியாகப் போவதையே தவிர்த்தார் என்பாள் அம்மா. அக்கா மீசை வரைந்துகொண்டு கேட்டது தனக்காக. கிடைத்தது எனக்கு. இது தெரியாமலே நான் காலேஜ் வரைக்கும் படித்து முடித்தேன். அந்த முதல் பிள்ளைக்கும் நிஜத்தில் என்னதான் பதில் கிடைத்ததோ. கம்பளி போர்த்திய பிறகு அவள் என்ன ஆனாள் என்று பள்ளிக்கூடத்துச் சரித்திரத்தில் ஒரு வரியும் இல்லை.

அப்பா அக்காவைக் கூட்டிப்போன அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவள் வேலையை நிறுத்திவிட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

"ஏளா, கம்பளிய எடுத்தாவளா?"

"இல்ல அத்த."

"அக்கா தண்ணிய கிண்ணிய ஊத்திக்கிட்டாளா?"

"இல்ல."

"பெறவு, பெரிய டீச்சர் ஒண்ணுமே சொல்லலியா?"

"பரீட்சை மட்டும் எழுதட்டும்னு அப்பாகிட்டக் கேட்டாவ."

அத்தையின் முகம் மலர்ந்தது. அவள் என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். மிளகாய்க் கை. எரிந்தது.

"கேட்டாவளா? நெசமாவே கேட்டாவளா? என் தடவைக்கு அதுகூடக் கேக்கல" என்றாள்.

அது நல்ல செய்தி என்று எனக்குப் பட்டது. வீட்டில் அன்று எல்லோரும் உம்மென்று இருந்ததால், அதை முதலில் போய்ச் சொல்ல வேண்டும் என்று அக்காவிடம் ஓடினேன். அக்கா தன் சீருடைத் தாவணியைத் துவைத்து, காயவைத்து, எனக்கு உயரம் வந்ததும் ஆகும் என்று என் அலமாரித் தட்டில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒனக்காவது பெரிய டீச்சர் ஒரு வார்த்த கேட்டாவ. அத்தைக்கு அதுகூட இல்லயாம்" என்றேன் மூச்சு வாங்க.

அக்கா தாவணியின் மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டாள். திரும்பவும் நீவினாள்.

"நல்லதுளா" என்றாள்.

நான் அதை அப்படியே நம்பிவிட்டு விளையாடப் போனேன்.